மாற்றுச் சான்றிதழ் போதாது!

பொங்கல் முடிந்த நான்காம் நாள் காலை, திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் பழைய மாணவர் ஒருவர் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு விழுப்புரத்தில் என்னிடம் வணிகவியல் பயின்றவர். இப்போது ஊரில் நெல்லும் மணிலாவும் பயிரிடுகிறார். நிலத்தை ஈடு வைத்துக் கல்விக் கடன் பெற்று, மகனை அமெரிக்காவுக்கு முதுநிலைப் படிப்புக்கு அனுப்பியிருந்தார். மகன் ஒரு பருவத்தை முடித்துவிட்டார்.

கையிலிருந்த கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மகன் அனுப்பியிருந்த செய்தி அதில் இருந்தது. இப்போது படிக்கும் பல்கலைக்கழகத்தில் கட்டணம் அதிகம்; வேறொரு கல்லூரியில் பாதிக் கட்டணம்தான்; மாதத்துக்கு ஒரு வார இறுதியில் மட்டும் வகுப்புக்குச் சென்றால் போதும்; சேர்ந்த நாளிலிருந்தே வேலைக்கும் போகலாம்; ஆலோசகர் ஒருவர் மூலமாக முன்பணம் கட்டியாகிவிட்டது; அதனால் பழைய பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்துக்குப் பதிவு செய்யவில்லை.

"கல்லூரி மாறுவதற்கு டி.சி. வாங்கினால் ஆகாதா ஐயா? வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறதாம். பையன் குரலில் ஏதோ பயம் தெரிகிறது" என்றார் அவர்.

அவர் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. நம் ஊரில் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றில் சேர்வதென்றால் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். இடையில் ஆறு மாதம் வீட்டில் இருந்தாலும் காவல் துறையோ நீதிமன்றமோ நம்மை ஏனென்று கேட்பதில்லை. சொந்த நாட்டில் மாணவன் என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அயல்நாட்டில் அதுவே ஒருவர் அங்கு தங்கியிருப்பதற்கான ஒரே சட்டக் காரணம். இந்த வேறுபாட்டை நானும் காலம் தாழ்ந்துதான் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவர் என் மாணவர்.

நான் சொன்ன தவறான யோசனை

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் முதுநிலை வணிகவியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற இளைஞர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். பாடத்திட்டம் பிடிக்கவில்லை என்றார். "பிடிக்கவில்லையென்றால் வேறு நல்ல கல்லூரிக்கு மாறிக்கொள்ளேன் தம்பி" என்று நான் சொன்னேன். ஆசிரியர் சொல்லிவிட்டார் என்ற துணிவில் அவர் வகுப்புக்குச் செல்வதை நிறுத்திவிட்டு, புதிய கல்லூரி தேடத் தொடங்கினார். பழைய பல்கலைக்கழகத்தில் எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு மாதங்களில் வேறு இடம் கிடைத்தது. ஆனால், அதற்குள் அவருடைய அரசுப் பதிவு முடிக்கப்பட்டிருந்தது.

இழந்த தகுதியை மீட்டுத்தரக் கோரி விண்ணப்பித்தார். அந்த இரண்டு மாதங்களில் செலவுக்காக ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் அனுமதியின்றி வேலை பார்த்திருந்தது தெரியவந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரு பெட்டியோடு ஊர் திரும்பினார். இன்று ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டே கடனைக் கட்டி வருகிறார். என்னைப் பார்க்கும்போது இன்றும் மரியாதையுடன் வணக்கம் சொல்கிறார். அந்த வணக்கத்தை ஏற்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் கூசுகிறது. அதன் பிறகுதான் இந்த விதிகளை ஒரு பாடம்போல் உட்கார்ந்து படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசா வேறு, தகுதி வேறு

முதலில் தெளிவாக வேண்டியது ஒன்று உண்டு. சென்னை அண்ணா மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டில் ஒட்டித்தரும் விசா, அமெரிக்காவின் வாசல்வரை சென்று உள்ளே நுழைய அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே நுழைந்த பிறகு ஒருவர் சட்டப்படி தங்குகிறாரா என்பதை முடிவு செய்வது அவருடைய தங்கும் தகுதி. விசாவில் ஐந்து ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும், தகுதி ஒரே பருவத்தில் பறிபோகலாம். மாறாக, விசாவின் தேதி முடிந்துவிட்டாலும் தகுதியைக் காத்துக்கொண்டவர் படிப்பு முடியும்வரை அங்கே தங்கலாம். நாட்டை விட்டு வெளியேறித் திரும்பும்போதுதான் புதிய விசா வேண்டும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் செல்பவரின் தகுதிக்கு அடிப்படை, கல்லூரி வழங்கும் ஐ-20 என்னும் படிவம். அதன் பின்னால் செவிஸ் என்னும் அரசுக் கணினிப் பதிவேடு இயங்குகிறது. மாணவர் பருவந்தோறும் பதிவு செய்தாரா, முழுநேரப் பாடச்சுமையை எடுத்தாரா, எந்த முகவரியில் குடியிருக்கிறார் என்பனவற்றைக் கல்லூரியில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் அதில் பதிய வேண்டும். இளநிலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 பாட அலகுகள் எடுக்க வேண்டும்; முதுநிலைக்குக் கல்லூரி வகுத்த அளவு பொருந்தும். இணையவழிப் பாடங்களில் பருவத்துக்கு ஒன்று மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி ஒரு மணி நேரமும் செய்யக் கூடாது. வீடு மாறினால் 10 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் பதிவு முடிக்கப்படக்கூடும். பருவத்துக்குப் பதிவு செய்யாமல் இருப்பது எளிதில் கண்டறியப்படும் தவறு. ஏனெனில், பருவம் தொடங்கிய 30 நாள்களுக்குள் ஒவ்வொரு மாணவரின் பதிவையும் கல்லூரி உறுதி செய்தாக வேண்டும்.

கல்லூரி மாறும் முறை

அப்படியானால் கல்லூரியே மாறக் கூடாதா? தாராளமாக மாறலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. வரிசை மட்டும் தவறக் கூடாது.

முதலில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசின் ஒப்புதல் பெற்ற ஒரு கல்லூரியில் சேர்க்கைக் கடிதம் பெற வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, இப்போது படிக்கும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரைச் சந்திக்க வேண்டும். அவர் செவிஸ் பதிவேட்டில் 'விடுவிப்பு நாள்' ஒன்றைக் குறிப்பார். அந்த நாள்வரை மாணவரின் பதிவு பழைய கல்லூரியின் கையில் இருக்கும். அந்த நாளில் அது புதிய கல்லூரியின் கைக்கு மாறும். அதன் பிறகே புதிய கல்லூரி தன் பெயரில் ஐ-20 படிவம் வழங்க முடியும். புதிய இடத்தில் படிப்பு தொடங்கிய 15 நாள்களுக்குள் மாணவர் நேரில் சென்று பதிவை நிறைவு செய்ய வேண்டும். விடுவிப்பு நாளுக்கோ படிப்பை முடித்த நாளுக்கோ பிறகு ஐந்து மாதங்களுக்குள் புதிய வகுப்பு தொடங்குவதாக இருக்க வேண்டும். இடைவெளி அதைத் தாண்டினால் மாற்றம் செல்லாது.

இந்த வரிசைப்படி செய்தால் செவிஸ் எண் மாறாது. 350 டாலர் கட்டணத்தை மறுமுறை செலுத்த வேண்டியதில்லை. விசா காலாவதியாகாமல் இருந்தால், அதில் பழைய கல்லூரியின் பெயர் இருப்பதும் பெரும்பாலும் தடையாவதில்லை. இவ்வளவும் ஒரு மின்னஞ்சலிலும் ஒரு சந்திப்பிலும் முடிகிற காரியம். வரிசையைத் தலைகீழாக்கிப் பழைய கல்லூரியை முதலில் விட்டுவிட்டால், பதிவேட்டில் மாற்றித்தருவதற்கு உயிருள்ள பதிவே இருக்காது.

கல்லூரியின் அனுமதி பெற்றுப் படிப்பிலிருந்து விலகுபவருக்கு நாட்டைவிட்டு வெளியேற 15 நாள் தரப்படும். படிப்பை முறையாக முடித்தவருக்கு 60 நாள். சொல்லாமல் விலகியவருக்கு ஒரு நாளும் இல்லை. தகுதி இழந்தவர் அதை மீட்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால், பொதுவாக ஐந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறு தம் கட்டுப்பாட்டை மீறி நேர்ந்தது என்று காட்ட வேண்டும். அனுமதியற்ற வேலை செய்திருக்கக் கூடாது. என் மாணவர் வீழ்ந்தது இந்த மூன்றாம் நிபந்தனையில்.

டிரை-வேலி முதல் ஃபார்மிங்டன் வரை

'வகுப்பு குறைவு, வேலை உடனே' என்ற வாக்குறுதி புதிதன்று. கலிஃபோர்னியாவின் பிளசன்டன் நகரில் டிரை-வேலி பல்கலைக்கழகம் என்ற ஒன்று இருந்தது. 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அதைச் சோதனையிட்டு மூடினர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள். மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் ஆந்திரத்தவர் அதிகம். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே அடுக்குமாடி வீட்டின் முகவரியில் குடியிருப்பதாகப் பதிவேட்டில் காட்டப்பட்டிருந்தது. சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதைக் கண்டு நாடே கொதித்தது. இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. பல்கலைக்கழகத்தின் நிறுவனருக்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் மாணவர்கள்தாம்.

எட்டு ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் விசித்திரமானது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில், ஆசிரியரும் வகுப்பறையும் இல்லாத ஒரு கல்லூரியைக் குடிவரவுத் துறையே பொறியாக அமைத்திருந்தது. பல்கலைக்கழக அலுவலர்களாக நடித்தவர்கள் துப்பறியும் அதிகாரிகள். 2019 ஜனவரியில் ஆள்பிடித்துத் தந்த எட்டுப் பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் கைதானோர் எண்ணிக்கை 250ஐ எட்டியது. முன்பு படித்த கல்லூரி அங்கீகாரம் இழந்ததால், தகுதியைக் காத்துக்கொள்ள அவசரமாக வேறிடம் தேடிவந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அதாவது, கல்லூரி மாற முயன்றவர்கள்!

ஓர் அரசு பொய்க் கல்லூரி நடத்திக் கட்டணமும் வாங்கியது அறமா என்ற கேள்வி நியாயமானது. அதை நானும் கேட்கிறேன். கட்டணத்தைத் திரும்பக் கோரி ஒரு மாணவர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து நடத்த 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிவிட்டது. ஆனால், வழக்கு பல ஆண்டு நடக்கும். மாணவரின் தகுதி ஒரே நாளில் போய்விடும். அரசின் இணையப் பட்டியலில் பெயர் இருப்பது அவசியம். ஆனால், அது மட்டுமே போதுமான சான்று அன்று என்பதற்கு இவ்விரண்டும் உதாரணங்கள். வகுப்பு உண்மையில் நடக்கிறதா, அங்கீகாரம் தந்த அமைப்பு எது, படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பனவற்றையும் பார்க்க வேண்டும்.

என் பழைய மாணவரின் மகனுக்குச் சொல்லப்பட்ட 'முதல் நாளிலேயே வேலை' என்பதற்கும் சட்டத்தில் ஓர் இடுக்கு உண்டு. படிப்பின் பகுதியாகப் பயிற்சி வேலை செய்ய, வழக்கமாக ஓராண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே பயிற்சி கட்டாயமாக உள்ள முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சில கல்லூரிகள் வாசலாகவே திறந்து வைத்துள்ளன. எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், பின்னாளில் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதிகாரிகள் துருவிக் கேட்பது அந்தக் காலத்தைத்தான். தவிரவும், 12 மாதங்கள் முழுநேரமாக இத்தகைய பயிற்சி வேலை செய்துவிட்டால், அந்தப் பட்டத்துக்குப் பிறகு கிடைக்கவேண்டிய ஓராண்டுப் பணிப்பயிற்சி உரிமை போய்விடும்.

மற்ற நாடுகளில்

அமெரிக்கா மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் மாணவர் விசாவே குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பொறுப்புறுதியோடு பிணைக்கப்பட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமானால் அதனிடம் புதிய உறுதிச் சான்று பெற்றுப் புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இழந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் 60 நாள்களில் வேறு இடம் தேட வேண்டிய நிலை உருவானது. 2023 ஜூலை முதல் படிப்பை முடிக்குமுன் வேலை விசாவுக்கு மாறும் வழியும் அங்கு அடைக்கப்பட்டுவிட்டது.

கனடாவில் முன்பு கல்லூரி மாறினால் இணையத்தில் தெரிவித்தால் போதும். 2024 நவம்பர் 8 முதல் படிப்பு அனுமதியையே புதிதாகப் பெற வேண்டும். போலிச் சேர்க்கைக் கடிதங்களால் பஞ்சாபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தது 2023இல் தெரியவந்த பின்னர், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையும் வந்தது. ஆஸ்திரேலியாவில் முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதங்களுக்குள் கல்லூரி மாற, பழைய கல்லூரியின் விடுவிப்பு வேண்டும். பட்டப்படிப்புக்கென்று விசா பெற்றவர் அதைவிடத் தாழ்ந்த சான்றிதழ்ப் படிப்புக்கு இறங்கினால் விசா நிபந்தனையை மீறியவராவார். 2024 ஜூலை முதல் சுற்றுலா விசாவில் சென்றவர் அங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

விசா வகை மாறுதல்

கல்லூரி மாறுவதைவிடச் சிக்கலானது விசா வகை மாறுவது. மகன் அல்லது மகள் வீட்டுக்குச் சுற்றுலா விசாவில் சென்ற தம்பியோ தங்கையோ அங்கேயே படிக்க விரும்புவது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் அப்படி வகை மாற்றம் கோரலாம். ஆனால், அனுமதி வரும்வரை வகுப்பில் சேரக் கூடாது, விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே உள்ள தகுதியும் குலையாமல் இருக்க வேண்டும். எச்-1பி ஊழியரின் துணைவராக எச்-4 விசாவில் இருப்பவருக்கு இத்தடை இல்லை. அவர் அந்நிலையிலேயே படிக்கலாம். பரிமாற்றத் திட்டமான ஜே-1 விசாவில் செல்பவர்களில் சிலர், இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வாழ்ந்த பிறகே வேலை விசாவையோ நிரந்தர வசிப்புரிமையையோ பெற முடியும். புறப்படுமுன் அந்த நிபந்தனை தம் விசாவில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பை முடித்து எச்-1பி வேலை விசாவுக்கு மாறுவோருக்கு ஆண்டுக்கு 85,000 இடங்களே உள்ளன. குலுக்கல் முறையில்தான் தேர்வு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதும் நம் ஊர்ப் பெற்றோர் கலங்கிப்போயினர். அடுத்த மாதம் வெளியான விளக்கத்தின்படி, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் தகுதியிலிருந்து முறையாக வகை மாறுபவருக்கு அக்கட்டணம் இல்லை. தகுதியைக் காக்கத் தவறியதால் வகை மாற்றம் மறுக்கப்பட்டாலோ கட்டணம் பொருந்தும். தகுதி என்ற ஒரு சொல்லின் விலை இன்று அவ்வளவு!

காற்று எப்போதும் ஒரே திசையில் வீசுவதில்லை. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள், சிறு போக்குவரத்துக் குற்றங்களைக்கூடக் காரணமாகக் கொண்டு முடிக்கப்பட்டன. பலர் நீதிமன்றங்களை நாடி இடைக்காலத் தடை பெற்றனர். ஏப்ரல் இறுதியில் அரசு பதிவுகளைத் திரும்ப உயிர்ப்பிக்க முன்வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற ஏற்பாட்டை நீக்கி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று வரையறுக்கவும், கல்லூரி மாறுவதை மேலும் கடினமாக்கவும் ஒரு விதி முன்மொழியப்பட்டது. ஆகவே, கடந்த ஆண்டு அண்ணன் மாறினான் என்பதால் இந்த ஆண்டு தம்பியும் அப்படியே மாறலாம் என்று எண்ணக் கூடாது. மாறும் நாளில் உள்ள விதியைக் கல்லூரி அலுவலரிடமே கேட்டறிய வேண்டும்.

நம் வாசலில்

இந்த விதிகளைக் கண்டு, 'வந்தாரை இப்படி வதைப்பார்களா' என்று சினப்படுவோர் நம் நாட்டையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். இங்கு 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்லூரியோ படிப்போ மாற முன் அனுமதி பெற வேண்டும். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், மாணவரைப் பற்றித் தகவல் தரும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள் மீதும் சுமத்துகிறது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கித் திரும்பினால் கீழ்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கு பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் பிள்ளைகளோடு ஒரே பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் இளைஞர்கள் உண்டு. இந்தியாவில் பிறந்திருந்தும், 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்ததாலும் பெற்றோர் இருவருமே இந்தியக் குடிமக்கள் அல்லர் என்பதாலும், பிறப்பால் வரும் குடியுரிமை அவர்களுக்கு இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. வெளிநாடு செல்ல விரும்பினால் இலங்கைக் குடியுரிமையைப் பதிந்து கடவுச்சீட்டுப் பெற்று, வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது ஆறுதலான செய்தி. ஆனால், தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது.

தங்கும் தகுதி என்பதன் பொருளை அந்த இளைஞர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. தகுதி கிடைக்காமல் காத்திருக்கும் ஒரு தலைமுறை கூப்பிடு தூரத்தில் இருக்க, கையில் உள்ள தகுதியை ஒரு தவறான ஆலோசனையால் நழுவவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

யார் பொறுப்பு?

2023-24ஆம் கல்வியாண்டில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். எண்ணிக்கையில் முதலிடம் நமக்கு. முன்பு பெருநகரங்களிலிருந்து சென்றனர்; இன்று விழுப்புரம், திண்டிவனம் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் செல்கின்றனர். அவர்களை வழிநடத்துவோர் யார்? வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். ஒரு கொத்தனாரை வளைகுடாவுக்கு அனுப்ப உரிமம் தேவை. ஒரு மாணவரை லட்சக்கணக்கான ரூபாய் கடனோடு அமெரிக்காவுக்கு அனுப்ப அச்சட்டத்தின்கீழ் உரிமம் தேவையில்லை. பஞ்சாப் மாநிலம் 2012இல் பயண முகவர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அதனால் மோசடி ஒழிந்துவிடவில்லை என்பதை 2023இன் போலிக் கடிதங்கள் காட்டின; எனினும், குற்றவாளியைப் பிடிக்க ஒரு கைப்பிடியாவது இருந்தது. கல்வி ஆலோசகர்களுக்கு நாடு முழுமைக்குமான பதிவு முறை தேவை. அதோடு, ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர்களுக்கு ஒரு நாள் விளக்க வகுப்பு நடத்தினால், அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. மகனோ மகளோ கல்லூரி மாறுவதாகச் சொன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு: பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்தாயா? விடுவிப்பு நாள் எது? புதிய ஐ-20 கைக்கு வந்ததா? இடையில் எத்தனை நாள் இடைவெளி? இந்த நான்குக்கும் நேரான விடை வராவிட்டால் பணம் அனுப்பக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர் தம் பெயரையும் முகவரியையும் பதிந்து வைப்பதும் இடர்க்காலத்தில் உதவும்.

அன்று காலை என் வீட்டிலிருந்தே மகனை அழைத்தோம். அங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் உறங்கவில்லை. பழைய பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்துக்குப் பதிவு செய்ய இன்னும் எத்தனை நாள் உள்ளது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னார்: மூன்று நாள். விடிந்ததும் நேரே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லுமாறு கூறினேன். அனுமதியின்றி எங்கும் வேலை பார்த்தாயா என்று கேட்டபோது, "இல்லை ஐயா, அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது" என்றார். அந்த ஒரு வாரம்தான் அவரைக் காப்பாற்றியது.

பருவக் கட்டணத்தின் முதல் தவணைக்காக அவருடைய அம்மாவின் நகைகள் அன்று மாலையே வங்கிக்குச் சென்றன. ஆலோசகரிடம் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. கடைசி நாளுக்கு முந்தைய நாள் பதிவு முடிந்தது. கட்டணம் குறைந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்த பருவத்தில் முறைப்படி மாற, அந்த அலுவலரே வழி சொல்லியிருக்கிறாராம்.

செய்தியைச் சொல்ல வந்த தந்தை ஒரு பை நிறைய மணிலா கொண்டுவந்து வைத்தார். "ஒரு கேள்வி கேட்கத் தெரியாமல் நிலத்தையே இழந்திருப்பேன் ஐயா" என்றார். அவர் சென்ற பிறகு, அரிசி ஆலையில் கணக்கு எழுதும் என் இன்னொரு மாணவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் அந்த இரவில் தேவைப்பட்டது ஒரு கேள்விதான். நான் அதைக் கேட்காமல் அறிவுரை சொன்னேன். இனி எவரும், ஆசிரியரோ பெற்றோரோ நண்பரோ, அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு), திண்டிவனம்.